சந்தோஷ அறையில் ஒரு பன்றி

இடுப்பில் ஆப்பு வைத்து அடித்தது போல வலித்தது. இரவு ஷிப்டு முடிந்து மேலே வந்து, மண்வாரியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால், முதுகு பாதி வழியில் நின்றுகொண்டது. மேலேயும் போக மாட்டேன் என்றது, கீழேயும் வர மாட்டேன் என்றது. கரி அள்ளுகிறவனுக்கு இதெல்லாம் தினமும் பல் விளக்குகிற மாதிரி. மற்ற நாளாக இருந்தால் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் குனிந்தபடியே நடந்து போயிருப்பேன். அன்றைக்கு அப்படிப் போக முடியாது. மறுநாள் காலையில் என் பெண்சாதி லுவா வருகிறாள்.

"டேய் கியென், நாளைக்கு உன் முறை. இன்னைக்குப் பாத்து முதுகைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே" என்றான் சாங். விடுதியில் எனக்கு அடுத்த கட்டில்காரன். "நீ ஒண்ணும் கவலைப்படாத. கூட்டம் போட்டு உனக்குப் பதிலா வேற தோழரை அனுப்பிடலாம்."

"உன் வாயில கரியைக் கொட்ட."

சுரங்க விடுதியில் ஒரு அறைக்கு எட்டு ஆள். ஒருவன் புரண்டு படுத்தால் மற்ற ஏழு கட்டிலும் கிரீச்சிடும். பாதிப் பேருக்குப் பெண்சாதி ஊரில் இருந்தாள். எனக்குச் சொந்த ஊர் 'தாய் பின்' மாகாணம். லுவாவுக்கு அங்கே கூட்டுறவுப் பண்ணையில் வேலை. எங்களைப் போன்றவர்களுக்காகத் தொழிற்சங்கம் விடுதியின் கடைசியில் தனியாக ஒரு அறை கட்டி வைத்திருந்தது. கதவுக்கு மேலே சிவப்புச் சாயத்தில் 'சந்தோஷ அறை' என்று எழுதியிருக்கும். அது எங்கள் குசும்பு இல்லை, சங்கமே வைத்த பெயர். ஊரிலிருந்து பெண்சாதி வந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் அந்த அறை உன்னுடையது. அதிலும் முழு நாள் கிடையாது. சுரங்கம் மூன்று ஷிப்டு ஓடியது, அறையும் ஷிப்டு முறையில்தான் ஓடியது. பகலில் கரி அள்ளுகிறவனுக்கு இரவு, இரவில் அள்ளுகிறவனுக்குப் பகல். ஒருவன் வெளியே வரும்போது அடுத்தவன் பெண்சாதியோடு வாசலில் நின்று சிகரெட்டை மிதித்து அணைத்துக்கொண்டிருப்பான்.

அரசாங்கம் எங்களுக்கு அரிசி கொடுத்தது, உப்பு கொடுத்தது, சட்டைக்குத் துணி கொடுத்தது, சொத்தைப் பல்லைப் பிடுங்கியது, செத்தால் பெட்டிக்குப் பலகை கொடுத்தது. பெண்சாதியோடு படுக்க ஒரு கதவும் கொடுத்தது. எல்லாவற்றையும் அளந்து கொடுத்தது. அரிசியில் கல் இருந்த மாதிரி மற்றதிலும் ஏதாவது ஒன்று கிடந்து பல்லில் இடறும்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். முதல் வருஷம் என் முறை வந்தபோது ஊரில் நாற்று நடவு; பண்ணை லுவாவை விடவில்லை. புத்தாண்டுக்கு நான் ஊருக்குப் போனால் வீட்டில் மொத்தமே ஒரு அறை, அதில் அண்ணன் குடும்பமும் அம்மாவும். ஒரு துணித் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். திரை அசைந்தால் அம்மா இருமுவாள். ஆனால் பகலில் அதே அம்மாதான் லுவாவின் வயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். ஊர்ப் பெண்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். போன புத்தாண்டில் நான் கிளம்பும்போது லுவா பஸ்சு நிற்கும் இடம் வரைக்கும் வந்தாள். "எனக்குப் புள்ளை வேணும். அடுத்த தடவை கதவு இருக்கிற இடமாப் பாருங்க. இல்லாட்டி என்னைக் கூப்புடாதீங்க" என்றாள். அவள் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

கதவு இருந்தது. ஆனால் அதற்குள்ளே பன்றி இருந்தது.

ஒன்பதாம் மாதப் புயல் செய்த வேலை அது. எங்கள் கரி அள்ளும் குழு புத்தாண்டுக் கறிக்காக ஒரு பன்றி வளர்த்தது. புயலில் பன்றிக் கொட்டில் கூரையோடு பறந்து கடல் பக்கம் போய்விட்டது. பன்றி மட்டும் நடுவில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. முந்தின வருஷத்துப் பன்றியைத் திறந்த வெளியில் கட்டி வைத்துத் திருட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் புத்தாண்டுக்கு விடுதியில் தங்கியவர்கள் முட்டைக்கோஸ் தின்றார்கள். அதனால் சங்கத் தலைவர் குவாத் இந்தப் பன்றியைச் சந்தோஷ அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டார். சிமெண்டுத் தரை, சன்னலுக்குக் கம்பி, கதவில் சோவியத் பூட்டு. அந்தப் பூட்டை உடைக்க வேண்டுமென்றால் சுரங்கத்தில் வைக்கிற வெடிதான் வைக்க வேண்டும். பன்றிக்கு நாங்கள் 'உபதலைவர்' என்று பெயர் வைத்திருந்தோம். குவாத் காதில் விழாமல்தான் சொல்வோம், ஆனால் அவருக்குத் தெரியும்.

குனிந்தபடியே சங்க ஆபீசுக்குப் போனேன். குவாத் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்றில்தான் மை இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் நல்லது செய்ய நினைத்து, நினைத்ததோடு நிறுத்திக்கொள்கிறவர்.

"தோழர், நாளைக்கு என் பொண்டாட்டி வர்றா. அறை எனக்கு."

"ஆமா, தெரியுமே. சந்தோஷம்."

"உள்ள பன்னி இருக்கு."

"அது தற்காலிகம், கியென்."

எங்கள் நாட்டில் தற்காலிகம் என்று சொன்ன எதுவும் என் ஆயுளுக்குள் முடிந்ததில்லை. விடுதியே தற்காலிகமாகக் கட்டியதுதான்.

"பூட்டைக் கழட்டி வேற கதவுல மாட்டிட்டு, பன்னியை அங்க விடலாமே."

"எந்தக் கதவுல? மத்த அறையெல்லாம் மூங்கில் தட்டி. ஒரு முட்டு முட்டினா உனக்கு முன்னாடி அது ஊர் போய்ச் சேர்ந்துடும்."

நான் அவருடைய ஆபீசுக் கதவைப் பார்த்தேன். தடித்த மரக் கதவு, தாழ்ப்பாள் வேறு. அவரும் அதைப் பார்த்தார்.

"இங்க கொடி இருக்கு" என்றார் அவசரமாக. "சாயங்காலம் கூட்டம் வைக்கிறேன். பன்னி பொதுச் சொத்து. நான் மட்டும் எப்படி முடிவெடுக்க முடியும்?"

ஷிப்டுக்கு முன்னால் கேண்டீனில் கூட்டம் கூடியது. குழுவில் இருபது பேருக்கு மேல். எல்லாருக்கும் பன்றியில் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. முதலில் நாட்டு நிலைமை, பிறகு இந்த மாத இலக்கு, கடைசியில் "பன்றியும் தோழர் கியெனின் குடும்பப் பிரச்சினையும்" என்று குவாத் அறிவித்தார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

கேண்டீன்காரி துயெத் அக்கா முதலில் எழுந்தாள். பன்றிக்கு அவள்தான் தீனி போடுகிறவள். "குட்டியா இருந்ததுலேர்ந்து என் கையால வளர்த்தது. உங்க தட்டுல மிச்சம்னு ஒரு பருக்கை வர்றதில்லை. மரவள்ளித் தோலும் கீரைத்தண்டும் வேக வெச்சுப் போட்டுத்தான் இந்த அளவுக்குக் கொண்டாந்திருக்கேன். இப்ப இடம் மாத்தினா பயத்துல தீனி எடுக்காது. மெலிஞ்சா யாரு பொறுப்பு?"

"கியெனும்தான் மெலிஞ்சிருக்கான்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"அவனை நாம திங்கப் போறதில்லையே."

சிரிப்பு அடங்க நேரமாகியது. பல் போன ஒரு மூத்த ஆள் எழுந்து, தான் எல்லைப் போருக்குப் போனவன் என்றும் அங்கே பெண்சாதியைப் பார்க்காமலே இருந்ததாகவும், இந்தக் காலத்து இளைஞர்களிடம் உறுதி போதாது என்றும் சொன்னார். அவருக்கு ஏழு பிள்ளைகள் என்பதைச் சாங் ஞாபகப்படுத்தினான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கி முடிவானது இது: பகலில் பன்றியை வெளியே எடுத்துப் பின்பக்கத்து மரத்தில் கட்டலாம். இரவில் அறை திரும்பவும் பன்றிக்கு. பகல் முழுக்க ஒருவன் பன்றியைக் காவல் காக்க வேண்டும். பன்றி கத்தினால் அது திருட்டு என்று எடுத்துக்கொண்டு, வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லாரும் கையில் கிடைத்ததோடு ஓடி வர வேண்டும்.

யார் காவல் என்று கேட்டதும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். இரவெல்லாம் கரி அள்ளிவிட்டு வந்து பகலில் பன்றிக்குக் காவல் இருக்க யாருக்குத்தான் மனசு வரும். கடைசியில் சாங் கை தூக்கினான்.

"நான் இருக்கேன். புத்தாண்டுக் கறியில கியெனோட பங்கு எனக்கு."

"நீயெல்லாம் சிநேகிதனா?"

"சிநேகிதன்கிறதால பங்கோட விட்டேன். தலையையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்."

வருஷம் முழுக்க அந்தக் கறியை நினைத்துக்கொண்டுதான் மரவள்ளி கலந்த சோற்றை விழுங்கியிருந்தேன். சரி என்றேன்.

மறுநாள் லுவா வந்தாள். படகில் ஹோன் காய் துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து கரி லாரியில் தொற்றிக்கொண்டு எங்கள் சுரங்க ஊரான கம் ஃபா வந்து சேர்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி. இரண்டு கூடை. என்னைப் பார்த்தும் கூடையை இறக்கவில்லை.

"என்ன, எதையோ கீழ போட்டுட்டுத் தேடுற மாதிரி நிக்கிறீங்க?"

"முதுகு. சரியாயிடும். வா. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அறையில கொஞ்சம் நாத்தம் இருக்கும்."

"என்ன நாத்தம்?"

"உனக்குப் பழகின நாத்தம்தான்."

லுவாவுக்குக் கூட்டுறவுப் பண்ணையில் பன்றிப் பிரிவில் வேலை. சாங் அப்போதுதான் உபதலைவரைக் கயிற்றில் கட்டி வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். அது வர மனமில்லாமல் பின்னங்காலை ஊன்றியது. லுவா அதையும், கதவுக்கு மேலே இருந்த சிவப்பு எழுத்தையும், பிறகு என்னையும் பார்த்தாள்.

"அங்க நாப்பது பன்னியை விட்டுட்டு வந்தேன்" என்றாள். "ஒண்ணைப் பாக்க."

அறைக்குள் போனோம். தரை முழுக்கச் சேறும் சிந்தின தீனியும், ஒரு மூலையில் குவியலாக விட்டை. வைக்கோல் மெத்தையைப் பன்றி தின்றுவிட்டு உறையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தில் அப்பாவும் அம்மாவும் இடுப்புக்கு மேலே மட்டும் இருந்தார்கள். கீழே நின்ற இரண்டு பிள்ளைகளும் பன்றி வயிற்றுக்குள் போயிருந்தார்கள். மேலே எட்டாத உயரத்தில் அறை விதிகள் பத்திரமாக இருந்தன. சத்தம் கூடாது, சமைக்கக் கூடாது, நேரத்துக்கு வெளியேற வேண்டும்.

லுவா கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். "தண்ணி கொண்டு வாங்க."

நான் கிணற்றுக்கும் அறைக்கும் வாளி தூக்கினேன், அவள் தேய்த்தாள். சுண்ணாம்பு தூவித் தேய்த்தோம், சாம்பல் போட்டுத் தேய்த்தோம். சுவர் மூலையில் ஒரு இடம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "இது அதோட கக்கூஸ். ஒரே இடத்துலதான் போகும். பன்னி உங்க ஆளுங்களை விடச் சுத்தம்" என்றாள். கடைசி வாளியைத் தூக்கும்போது என் முதுகில் ஏதோ 'களுக்' என்றது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

என்னை இழுத்துப் பலகைக் கட்டிலில் குப்புறப் போட்டாள். கூடையிலிருந்து தைலம் எடுத்து இடுப்பில் தேய்த்தாள். பன்றியைத் தேய்க்கிற கை. எலும்பு வரைக்கும் இறங்கியது. எவ்வளவோ மாதத்துக்கு அப்புறம் அவள் கை என் மேல் பட்டது. கதவு சாத்தியிருந்தது. திரை இல்லை, இருமல் இல்லை. நான் ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, சாங் கதவைத் தட்டி "டேய், ஷிப்டுக்கு நேரமாச்சு, உபதலைவருக்குத் தூக்கம் வருது" என்று கத்தியதுதான். பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறேன். லுவா காலடியில் உட்கார்ந்து நான் கிழித்து வைத்திருந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"எழுப்பினேன். 'கரி வண்டி நிறைஞ்சிடுச்சு, தள்ளு'ன்னு சொன்னீங்க."

அன்றிரவு அவள் துயெத் அக்காவோடு கேண்டீனில் படுத்தாள். நான் சுரங்கத்தில் கரி அள்ளினேன். நாங்கள் கழுவி வைத்த அறையில் பன்றி படுத்தது.

மறுநாள் முதுகு கொஞ்சம் தேவலை. அறையை மறுபடி கழுவினோம், ஆனால் சீக்கிரம் முடிந்தது. லுவா தலையைக் கழுவி, கமுகம் பூ போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வாசனையோடு வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி தின்றோம். கல்லில்லாத அரிசி. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலின் இரண்டு முனையில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவர்கள் மாதிரியே இல்லை. பெண் பார்க்க வந்தவன் மாதிரி எனக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. சாங், சொட்டச் சொட்ட நனைந்து, பன்றியை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றான். "மன்னிச்சுக்கடா. இதுக்குச் சளி புடிச்சுச் செத்துதுன்னா குழு மொத்தமும் என்னை உரிச்சுப்புடும். மழை விட்டதும் கூட்டிக்கிட்டுப் போறேன். அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும். அக்கா, நீங்க கண்டுக்காதீங்க." நான் பதில் சொல்வதற்குள் பன்றியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். அடுத்து 'களிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

தினமும் பன்றியை அடைத்ததும் பூட்டை அமுக்குகிற கை. அன்றைக்கும் பழக்கத்தில் அமுக்கிவிட்டது. சோவியத் பூட்டு அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் திறக்காது. சாவி குவாத்திடம். குவாத் அன்று டவுனில் ஒரு கூட்டத்தில்.

"டேய் சாங்" என்று கதவைத் தட்டினேன். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டான்.

பன்றி உடம்பை உதறியது. லுவாவின் சுத்தமான சட்டையில் சேறு தெறித்தது. பிறகு அது எங்களுக்கு எதிரே பின்னங்காலில் உட்கார்ந்து, பொதுக்கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்த ஆள் மாதிரி, எங்களையே பார்த்தது.

"அது பாக்குது" என்றாள் லுவா.

"பன்னிதானே."

"அது மூஞ்சி எங்க பண்ணைத் தலைவர் மாதிரி இருக்கு. என்னால முடியாது."

"அப்பறம் என்ன பண்ண?"

அவள் தலைத்துணியை எடுத்தாள். பண்ணையில் முரட்டுப் பன்றிக்குச் செய்கிறதைத்தான் செய்தாள். துணியை அதன் தலையில் போட்டு முகத்தை மூடினாள். கண் மறைந்தால் பன்றி அடங்கிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உபதலைவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. ஒரு கத்தல் கத்தியது பாருங்கள், சுரங்கத்துக்குள் சங்கு ஊதினால்கூட அப்படிக் கேட்காது. கட்டிலில் மோதியது, சுவரில் மோதியது, தண்ணீர் வாளியைக் கவிழ்த்தது, என் காலுக்கு நடுவில் புகுந்து என்னை உட்கார வைத்தது.

வெளியே தண்டவாளம் அடிக்கும் சத்தம் கேட்டது. அடிக்கிறவள் துயெத் அக்கா. ஈவு இரக்கமில்லாமல் அடித்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழு மொத்தமும் எழுந்து ஓடி வந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளாடையோடு ஒருவன், மண்வாரியோடு பத்துப் பேர், பல் போன மூத்த ஆள் கையில் அரிவாள்மணை.

"பூட்டு பூட்டினபடியே இருக்கு. பன்னி உள்ளதான் கத்துது."

"அப்ப திருடனும் உள்ளதான் இருக்கான்."

"விடாதீங்கடா, சன்னல் பக்கம் நில்லுங்க."

லுவா சன்னலுக்கு வந்தாள். ஈரத் தலை, சேறு அப்பிய சட்டை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் மண்வாரியைக் கீழே இறக்கினார்கள்.

"நான்தான் திருட வந்தேன்" என்றாள். "என் புருஷனைத் திருட வந்தேன். உங்க பன்னி குறுக்க நிக்குது."

அந்த நேரம் பார்த்து குவாத் சைக்கிளில் வந்து இறங்கினார், தலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தியபடி. "என்ன, என்ன நடக்குது?"

"நீங்கதான் தலைவரா?" என்று கேட்டாள் லுவா. "ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்குங்க. எங்க பண்ணையில பொலிக்கு விடற ஆண் பன்னி ஒண்ணு இருக்கு. அதுக்குத் தனிக் கொட்டில். பொட்டைப் பன்னியைக் கொண்டு போய் விட்டுட்டா, சுத்துமுத்தும் யாரும் நிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாதுன்னு எங்க தலைவர் உத்தரவு. ஏன்னா கூச்சப்பட்டுச்சுன்னா குட்டி தங்காதாம். அது போக அதுக்குத் தினம் ரெண்டு முட்டை. நாட்டுக்குக் கரி அள்ளிக் குடுக்கிற மனுஷனுக்கு, நாங்க அந்த ஆண் பன்னிக்குக் குடுக்கிற மரியாதையாவது நீங்க குடுக்கக் கூடாதா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"தினம் ரெண்டு முட்டையா?"

எங்கள் குழுவில் அந்த வருஷம் முட்டையை முழுசாகத் தின்றவன் யாரும் இல்லை. எல்லார் முகத்திலும் ஒரு கனவு வந்து போனது.

குவாத்தின் காது சிவந்திருந்தது. பூட்டைத் திறந்தார். கதவு முழுதாகத் திறப்பதற்குள் உபதலைவர் லுவாவின் தலைத்துணியோடு வெளியே பாய்ந்து, பல் போனவரைக் கீழே தள்ளிவிட்டுக் கேண்டீனை நோக்கி ஓடியது. அதைப் பிடித்து முடிப்பதற்குள் எனக்கு ஷிப்டு நேரம் வந்துவிட்டது. சாங் என் பக்கத்தில் வந்து, "கறியில பாதி திருப்பித் தந்துடறேன்டா" என்றான். குவாத் ஆபீசு வாசலில் நின்று ரொம்ப நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"நாளைக்குப் பகல் முழுக்கப் பன்னி என் ஆபீசுல இருக்கும். கொடியை எடுத்து மேல கட்டிடறேன்."

மூன்றாம் நாள் பன்றி சங்க ஆபீசில் இருந்தது. குவாத் கொடியை மேலே கட்டினாரே தவிர, சுவரில் இருந்த சிவப்புத் துணியை மறந்துவிட்டார். அதில் காகிதத்தில் எழுத்து வெட்டி அரிசிமாவுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். உற்பத்தி, சிக்கனம், தியாகம் என்று ஏதோ வரும். அந்தக் காலத்தில் எங்கள் சோற்றைவிட அந்தப் பசை நல்ல அரிசியில் காய்ச்சியது. உபதலைவர் மூக்கு எட்டிய உயரம் வரைக்கும் எல்லா எழுத்தையும் நக்கி எடுத்துவிட்டார். குவாத் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்று முழுக்க யாரையும் உள்ளே விடவில்லை என்று சாங் பிறகு சொன்னான்.

அந்தப் பகலைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கதவு சாத்தியிருந்தது. மூலையில் அந்த நாத்தம் இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. சாயங்காலம் லுவாவைப் படகுக்குப் போகிற லாரியில் ஏற்றிவிட்டேன். "முதுகைப் பாத்துக்குங்க" என்றாள். கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள், அது போதும் எனக்கு.

அந்த வருஷக் கடைசியில் வாசல் ஒலிபெருக்கியில் சங்கத்தின் சாதனைகளை வாசித்தார்கள். சந்தோஷ அறை திட்டமிட்ட அளவைவிட அதிகமாகப் பயன்பட்டது என்று அறிவிப்பு வந்தது. பன்றி தங்கிய நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். எங்கள் பன்றிக்கும் வட்டாரத்தில் ஒரு பாராட்டு கிடைத்தது. புத்தாண்டுக்கு அதை வெட்டினோம். சாங் பாதிக் கறி தருவதாகச் சொன்னவன் ஒரு காதைக் கொண்டுவந்து கொடுத்தான். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது.

பன்றிக்குப் பாராட்டு வாங்கித் தந்த அந்த அறை இனிமேல் பன்றிக்குத்தான் பொருத்தம் என்று சங்கம் முடிவெடுத்தது. அடுத்த வருஷம் என் முறை வந்தபோது உள்ளே மூன்று பன்றிகள் இருந்தன. கதவுக்கு மேலே எழுத்து அப்படியே இருந்தது, அதை அழிக்கச் சாயம் ஒதுக்கீடு வரவில்லை.

அந்த மூன்றாம் நாள் பகலில் எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. என் மகள் தங்கியது அதற்கு அடுத்த அறுவடையில், நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, கூட்டுறவுப் பண்ணையின் வைக்கோல் போருக்குப் பின்னால். சங்கம், அரசாங்கம், பூட்டு எதன் உதவியும் இல்லாமல். முதுகில் வைக்கோல் குத்தியது தவிர வேறு குறை இல்லை. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கதை கேட்டுச் சிரிக்கிறாள்.

குவாத் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்கு அடுத்து வந்தவரிடம் கேட்டேன், அவருக்கு அடுத்தவரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டி அனுப்பினார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. மூன்று பகல் எங்களுக்கு ஒதுக்கியது, ஒரு பகல்தான் கிடைத்தது. சங்கம் எனக்கும் லுவாவுக்கும் சந்தோஷ அறையில் இன்னும் இரண்டு பகல் பாக்கி.